2038-ம் ஆண்டும் கணிப்பொறிகளின் கடிகாரமும்

மழைமானியிலிருந்தும் ஆற்றின் நீர்மட்டக் கருவியிலிருந்தும் கிடைக்கும் ஒவ்வொரு குறிப்பும் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று அளவு, மற்றொன்று அந்த அளவு எடுக்கப்பட்ட நேரம். நேரம் தவறாயின், அளவு எவ்வளவு நுட்பமானதாயினும் அதனால் பயன் இல்லை. இன்று பல இடங்களில் நேரத்தைக் குறிக்கும் பணியைக் கருவியினுள் பொருத்தப்பட்டுள்ள சிறு கணிப்பொறியே செய்து வருகிறது. இத்தகைய கணிப்பொறிகளில் ஒரு பகுதி, 2038-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி வரையில் மட்டுமே காலத்தைச் சரியாக எண்ண வல்லவை. அதற்கு அடுத்த விநாடியில் அவற்றின் கணக்கு 1901-ம் ஆண்டு டிசம்பர் மாதத்திற்குப் பின்னோக்கிச் சென்றுவிடும்.

இக்குறை பல ஆண்டுகளாகவே நிபுணர்கள் அறிந்த ஒன்றாகும். இதை நீக்கும் பணியின் பெரும்பகுதியைச் செய்து முடித்திருப்பவர்கள், யூனிக்ஸ் வழிவந்த திறந்த மூல இயங்குதளங்களை உருவாக்கும் சமூகத்தினர். இவர்கள் பல தேசங்களில் பரவியிருப்பவர்கள். எல்லோருக்கும் பொதுவான மேலதிகாரி என எவரும் இல்லை. ஆயினும் அவர்கள் செய்து முடித்த திருத்தம், களத்தில் உள்ள ஒவ்வொரு கருவியையும் தானாகவே சென்றடைந்துவிடாது. ஆகவே, இக்குறை எவ்வாறு தோன்றியது, எந்த வழிகளில் நீக்கப்பட்டது, இன்னும் எஞ்சியிருப்பது எது என்பவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருப்பது அவசியமாகும்.

எண்ணிக்கை தொடங்கிய விதம்

யூனிக்ஸ் இயங்குதளம் 1969-ம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் தோன்றியது. கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் அதன் முதன்மையான படைப்பாளர்கள். ஆண்டு, மாதம், நாள், மணி எனத் தனித்தனியே எழுதி வைப்பதைக் காட்டிலும், குறிப்பிட்ட ஒரு நாளிலிருந்து கழிந்த காலத்தை ஒரே எண்ணாக வைத்துக்கொள்வது கணிப்பொறிக்கு எளிது. இரு நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட காலத்தை அறிய ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணைக் கழித்தால் போதும். மாதத்திற்கு எத்தனை நாள், லீப் வருஷம் உண்டா இல்லையா என்னும் தொல்லைகள் அதில் எழுவதில்லை.

1971-ம் ஆண்டின் முதற்பதிப்பில் விநாடியின் அறுபதில் ஒரு பங்கே அலகாகக் கொள்ளப்பட்டது. இந்தச் சிறிய அலகினால், எண்ணுக்கென ஒதுக்கிய இடம் ஏறக்குறைய இரண்டேகால் ஆண்டிலேயே நிரம்பிவிடக்கூடியதாக இருந்தது. அதனால் எண்ணிக்கையின் தொடக்க நாளை அவ்வப்போது மாற்றவேண்டி வந்தது. பின்னர் முழு விநாடியே அலகாகக் கொள்ளப்பட்டு, 1970-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியின் தொடக்கம், கிரீன்விச் நேரப்படி, எண்ணிக்கையின் ஆரம்பமாக நிலைபெற்றது. அந்நாளைய யந்திரங்களின் நினைவகம் மிகச் சிறியது. ஒவ்வோர் இடத்தையும் சிக்கனமாகவே செலவிட வேண்டும். அவர்கள் ஒதுக்கிய இடம் 68 ஆண்டுகளுக்குப் போதுமானது. ஆராய்ச்சிக்கூடத்தின் உபயோகத்திற்காக எழுதப்பட்ட ஒரு நிரல் அத்தனை காலம் வாழும் என்று எதிர்பார்க்க அப்போது காரணம் எதுவும் இருக்கவில்லை.

அந்த ஏற்பாடு யூனிக்ஸின் வழித்தோன்றல்கள் அனைத்திலும் பரவியது. இன்று பெரிய செர்வர்கள், கைபேசிகள், இணைய இணைப்புப் பெட்டிகள், மின்சார மீட்டர்கள், வானிலைக் கருவிகள் ஆகிய பலவற்றிலும் 1970-ம் ஆண்டிலிருந்து விநாடிகளை எண்ணும் முறையே வழங்குகிறது.

இடம் நிரம்புவது எவ்வாறு?

கணிப்பொறி எண்களை 0, 1 என்னும் இரண்டு குறிகளால் மட்டுமே எழுதுகிறது. இவ்வாறு ஒரு குறியை எழுதுவதற்கான இடத்திற்குப் பிட் என்று பெயர். காலக் கணக்குக்கு 32 பிட்டுகள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் முதலாவது, எண் நேர்எண்ணா எதிர்எண்ணா என்பதைக் காட்டும்; 1970-க்கு முற்பட்ட நாட்களையும் குறிக்க வேண்டும் என்பதே இதன் காரணம். எஞ்சிய 31 இடங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647 ஆகும்.

இதற்கு மேலும் ஒன்றைக் கூட்டினால் நேர்வதை வகுப்பறைக் கரும்பலகையில் எட்டு இடங்களைக் கொண்டே விளக்கலாம். எட்டு இடங்களில், முதல் இடம் குறிக்கென ஒதுக்கப்பட்டால், எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127. அதன் வடிவம், முதலில் ஒரு 0, தொடர்ந்து ஏழு 1. அதனுடன் ஒன்றைக் கூட்டினால், கைமாற்று ஒவ்வோர் இடமாக இடப்புறம் சென்று, முதல் இடத்தில் 1-ம் மற்ற ஏழு இடங்களில் 0-ம் நிற்கும். முதல் இடத்தில் 1 இருந்தால் எதிர்எண் என்பது விதியாதலால், கணிப்பொறி அதனை 128 என்று அல்லாமல் எதிர்எண் 128 என்று படிக்கும். மோட்டார் வண்டியின் தூரமானி எல்லா இடங்களிலும் 9 வந்தபின் பூஜ்யத்திற்குத் திரும்புவதைப் பலரும் கண்டிருப்பர். இங்கு எண்ணிக்கை பூஜ்யத்தையும் கடந்து, மிகத் தாழ்ந்த எதிர்எண்ணுக்குப் போய்விடுகிறது. இதுவே வேறுபாடு.

நாளைக் கணக்கிடுவதும் மாணவர்க்கு ஏற்ற பயிற்சியாகும். 214,74,83,648 விநாடிகளை ஒரு நாளுக்குரிய 86,400-ஆல் வகுத்தால் 24,855 நாட்களும் மீதி 11,648 விநாடிகளும் கிடைக்கும். 1970 முதல் 2037 முடிய 68 ஆண்டுகளில், 17 லீப் நாட்கள் உட்பட, 24,837 நாட்கள் உள்ளன. எஞ்சிய 18 நாட்களையும் கழித்தால் 2038 ஜனவரி 19-ந் தேதியின் தொடக்கம் வரும். மீதியுள்ள 11,648 விநாடிகள் என்பன 3 மணி 14 நிமிஷம் 8 விநாடி. இது கிரீன்விச் நேரம்; ஐந்தரை மணியைக் கூட்ட இந்திய நேரம் கிடைக்கும். எண்ணிக்கை புரளும் அக்கணத்தில், பழைய ஏற்பாட்டைக் கொண்ட கணிப்பொறி, கிரீன்விச் நேரப்படி 1901 டிசம்பர் 13-ந் தேதி இரவு 8 மணி 45 நிமிஷம் 52 விநாடி என்று காட்டும்.

இதற்குப் பரிகாரம் இடத்தை இரட்டிப்பாக்குவது. 64 பிட்டுகளில் எழுதினால் ஏறக்குறைய 29,200 கோடி ஆண்டுகளுக்கு எண்ணிக்கை நிரம்பாது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்பதை நோக்க, இதனைக் காட்டிலும் விசாலமான இடம் எவருக்கும் தேவைப்படாது எனலாம்.

முன்கூட்டியே தோன்றிய அறிகுறிகள்

குறை 2038-ல்தான் வெளிப்படும் என்று எண்ணுவது சரியன்று. வருங்காலத் தேதிகளைக் கையாளும் நிரல்கள் அதனை முன்னரே சந்திக்கின்றன. ஏஓஎல்செர்வர் என்னும் திறந்த மூல நிரலில் 2006-ம் ஆண்டு மே மாதத்தில் நேர்ந்தது இதற்குத் தக்க சான்று. தகவல் தளத்திற்கு அனுப்பும் ஒரு வேண்டுகோள் ஒருபோதும் காலாவதியாகாதிருக்க வேண்டும் என்பதற்காக, அதன் அவகாசம் நூறு கோடி விநாடிகள் என அமைக்கப்படுவது வழக்கமாக இருந்தது. நூறு கோடி விநாடி என்பது சுமார் 31 ஆண்டு 8 மாதம். கிரீன்விச் நேரப்படி 2006 மே 13-ந் தேதி அதிகாலையில், அன்றைய நேரத்துடன் நூறு கோடியைக் கூட்டியபோது விடை 2038-ன் எல்லையைத் தாண்டியது. காலாவதி நேரம் கடந்த காலத்தில் உள்ள ஒரு நாளாக மாறியது, செர்வர்கள் செயலிழந்தன.

நில அளவைக் கருவிகளுடன் பழகியவர்கள் இதையொத்த வேறொரு நிகழ்ச்சியையும் அறிந்திருக்கக்கூடும். ஜிபிஎஸ் செயற்கைக் கோள்கள் வாரங்களின் எண்ணிக்கையைப் பத்துப் பிட்டுகளில் அனுப்பி வந்தன. 1,024 வாரங்களுக்கு ஒருமுறை அது பூஜ்யத்திற்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அவ்வாறு திரும்பியபோது, புதுப்பிக்கப்படாத சில பழைய வாங்கிகள் ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டின. கோளில் பழுதில்லை, கருவியின் உறுப்புகளிலும் பழுதில்லை. எண்ணுக்கென விட்ட இடம் போதவில்லை என்பதே காரணம்.

சமூகங்களின் அமைப்பு

திருத்தப்பணியை அறிவதற்கு முன், அதைச் செய்தவர்கள் யார் என்பதைச் சுருக்கமாகக் காண்போம். 1983-ம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன், யூனிக்ஸைப் போன்றதாயும் எவரும் படித்துத் திருத்தி வழங்கக்கூடியதாயும் ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-ம் ஆண்டில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டார்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் உட்கருவை, வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்த இயங்குதளத்தைத் தொகுத்து வழங்கும் டெபியன் சமூகம் 1993-ல் தொடங்கியது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் கிளையிலிருந்து நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி ஆகியவை 1993-லும், நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்த ஓபன்பிஎஸ்டி 1995-லும் தோன்றின.

இச்சமூகங்களில் பணிபுரிவோரில் சிலர் கம்பெனிகளால் ஊதியம் பெறுபவர்கள்; வேறு பலர் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தன்னார்வத் தொண்டர்கள். மூல நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருப்பதால், குறையைக் கண்டவர் எவரும் திருத்தத்தை எழுதி அனுப்பலாம். அதனை ஏற்பதா இல்லையா என்பதை அப்பகுதியைப் பராமரிப்பவர் பரிசீலித்து முடிவு செய்கிறார். இவ்வளவுதான் அவர்களது நிர்வாகம்.

ஒரு வரியைத் திருத்தினால் போதாதா?

32 என்பதை 64 என்று மாற்றுவதற்கு ஒரு நிமிஷம் போதும். கஷ்டம் அங்கே இல்லை. ஒரு கணிப்பொறியில் உள்ள ஆயிரக்கணக்கான நிரல்கள் ஒன்றோடொன்று எண்களைப் பரிமாறிக்கொள்கின்றன. இன்ன எண்ணுக்கு இத்தனை இடம் என்பது அவற்றிற்கு இடையே உள்ள ஒப்பந்தம். ஒரு நிரல் 64 பிட்டுகளில் நேரத்தைத் தர, மற்றொன்று 32 பிட்டுகளை மட்டும் எதிர்பார்த்தால், எஞ்சிய பாதி வேறு ஏதோ தகவலின் இடத்தில் போய் விழும். கணக்குகள் அனைத்தும் குழம்பும்.

மீட்டர் அகல ரயில் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதுடன் இதனை ஒப்பிடலாம். தண்டவாளத்தை மட்டும் பெயர்த்து அகலமாகப் போட்டுவிட முடியாது. எஞ்சின், பெட்டி, பாலம், பிளாட்பாரம் யாவும் அதற்கு ஏற்ப மாறியாக வேண்டும். இடையில் வண்டிகளை நிறுத்துவதா, ஓடவிடுவதா என்பதுதான் கேள்வி. இக்கேள்விக்கு ஒவ்வொரு சமூகமும் தன் கொள்கைக்கு ஏற்ற விடையைக் கண்டது.

மூன்று வழிகள்

முதலில் முடித்தவர்கள் நெட்பிஎஸ்டி சமூகத்தினர். 2012 அக்டோபரில் வெளிவந்த அவர்களது 6.0 பதிப்பில், 32 பிட் யந்திரங்கள் உட்பட எல்லாத் தளங்களிலும் நேரம் 64 பிட் ஆயிற்று. பழைய நிரல்கள் கெர்னலிடம் நேரம் கேட்கும் பழைய வழிகளை அவர்கள் அடைத்துவிடவில்லை. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய நிரல்களுக்குப் புதிய வழிகளைச் சேர்த்தனர். ஒரே பாதையில் மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் பதித்து இருவகை வண்டிகளையும் ஓடச் செய்வது போன்றது இம்முறை. பழைய நிரல் தொடர்ந்து இயங்கும். ஆனால் அதன் 2038-ம் ஆண்டுக் குறை அதனுடனேயே இருக்கும்.

ஓபன்பிஎஸ்டி சமூகத்தினர் வேறு வழியை மேற்கொண்டனர். பாதையை ஒரு நாள் மூடி, எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிவிடுவது என்பது அவர்களது முறை. 2014 மே மாதத்தில் வெளிவந்த 5.5 பதிப்பில் இது நடைபெற்றது. அதற்கு முந்தைய பதிப்புக்காகத் தயாரிக்கப்பட்ட நிரல்கள் புதிய பதிப்புக்கு உதவா. அனைத்தையும் புதிதாக நிறுவிக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் அறிவித்தனர். எல்லா நிரல்களுக்கும் மூலம் கையில் இருந்ததனாலேயே இது சாத்தியமாயிற்று. மூலத்திலிருந்து ஒவ்வொன்றையும் மீண்டும் இயந்திர மொழிக்கு மாற்றும்போது, வெளியார் எழுதிய நிரல்கள் பலவற்றில் நேரம் 32 பிட்டில்தான் இருக்கும் என்ற ஊகம் மறைந்திருப்பதை அவர்கள் கண்டு திருத்தினர். அத்திருத்தங்களில் பல, நிரல்களை எழுதியவர்களுக்கே அனுப்பப்பட்டு மற்றச் சமூகங்களுக்கும் பயன்பட்டன.

ஃப்ரீபிஎஸ்டியைப் பொறுத்தவரை, ஐ386 எனப்படும் பழைய 32 பிட் இன்டெல் வகை ஒன்று நீங்கலாக மற்றத் தளங்களில் நேரம் 64 பிட்டிலேயே அமைந்துவிட்டது. எஞ்சிய அந்த ஒன்றும் 15-ம் பதிப்பிலிருந்து தனித் தளமாக வெளியிடப்படுவதில்லை.

லினக்ஸின் நிலை இவையனைத்தினும் கடினமானது. கெர்னலில் செய்யும் எம்மாற்றத்தாலும், முன்பு இயங்கிய நிரல் இயங்காது போகக்கூடாது என்பது டார்வால்ட்ஸ் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் விதி. 64 பிட் யந்திரங்களில் ஆதியிலிருந்தே நேரம் 64 பிட் ஆகையால் அங்கே தொல்லை இல்லை. ஆனால் சிறு கருவிகளுக்குள் இருக்கும் 32 பிட் யந்திரங்களில் பல லினக்ஸில் இயங்குபவை. அவற்றிற்காக, பழைய பாதைக்குப் பக்கத்திலேயே புதிய பாதை ஒன்று முழுவதுமாக அமைக்கப்பட்டது. ஆர்ன்ட் பெர்க்மன் என்னும் நிபுணர் இப்பணியில் முன்னின்றார். கெர்னலின் பற்பல மூலைகளில் நேரம் எழுதப்படும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சீர்செய்ய ஆண்டுகள் பல பிடித்தன. 2019 மே மாதத்தில் வந்த 5.1 பதிப்பில் 32 பிட் யந்திரங்களுக்கான புதிய வழிகள் திறக்கப்பட்டன. 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பில் கெர்னல் பணி பெருமளவு முடிவுற்றது.

கெர்னலுக்கும் நிரல்களுக்கும் நடுவே நிற்பது சி நூலகம் எனப்படும் பொது நிரல் தொகுதி. சிறு கருவிகளில் வழங்கும் மஸல் என்னும் நூலகம் 2020 பிப்ரவரியில் 64 பிட் நேரத்திற்கு மாறியது. பெரிய கணிப்பொறிகளில் வழங்கும் க்னூ நூலகம், 2021 ஆகஸ்டில் வெளிவந்த 2.34 பதிப்பில், 32 பிட் யந்திரங்களிலும் விரும்புவோர் 64 பிட் நேரத்தைத் தேர்ந்துகொள்ள வசதி செய்தது. இணைய இணைப்புப் பெட்டிகளுக்கான ஓபன்டபிள்யூஆர்டி இயங்குதளம், மஸல் நூலகத்தின் வாயிலாக, 22.03 பதிப்பில் இத்திருத்தத்தைப் பெற்றது.

டெபியன் சமூகத்தின் பெரும்பணி

பாதை தயாரான பின், வண்டிகளை அதற்கு மாற்றும் வேலை எஞ்சியது. இவ்வேலை, பல்லாயிரக்கணக்கான நிரல்களைத் தொகுத்து வழங்கும் டெபியன் போன்ற சமூகங்களின் தலையில் விழுந்தது. நேரத்தின் அளவு மாறுவதால் பாதிக்கப்படும் நிரல் நூலகங்கள் எவை என முதலில் ஆராய்ந்து பட்டியலிட்டனர். பழையதும் புதியதும் தவறிக் கலந்துவிடாதபடி, நூற்றுக்கணக்கான நூலகங்களின் பெயருடன் டி64 என்னும் அடையாளம் சேர்க்கப்பட்டது. பின்னர் அவற்றைச் சார்ந்த நிரல்கள் யாவும் மீண்டும் தயாரிக்கப்பட்டன. ஸ்டீவ் லாங்கசெக் இப்பணியை முன்னின்று நடத்தியவர்களுள் தலையாயவர்.

2024-ன் தொடக்கத்தில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது எதிர்பாராத ஓர் இடையூறு நேர்ந்தது. எக்ஸ்ஸெட் என்பது கோப்புகளைச் சுருக்கி வைக்க உதவும் ஒரு சிறு நிரல். அதன் பராமரிப்பில் புனைபெயரில் நுழைந்து நெடுநாள் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர், பிறர் கணிப்பொறிகளுக்குள் புகுவதற்கான இரகசிய வழி ஒன்றை அதில் புதைத்திருந்தார். தம் கணிப்பொறியில் நுழைவுச் சோதனைக்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியியலாளர், காரணத்தைத் துருவிச் சென்று உண்மையைக் கண்டுபிடித்து 2024 மார்ச் 29-ந் தேதி உலகுக்கு அறிவித்தார். டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டு, ஐயத்திற்குரிய காலத்தில் தயாரான நிரல்களை ஒதுக்கிவிட்டு மீண்டும் தயாரிக்க வேண்டி வந்தது. அதன் சோதனைப் பதிப்பு ஒரு வாரம் தாமதமாயிற்று. இரண்டு வேலைகளும் ஒரே காலத்தில் ஒரே மனிதர்களின் தோள்மீது ஏறின. உலகம் முழுதும் சார்ந்திருக்கும் ஒரு சிறு நிரல், களைத்துப்போன ஓரிருவரின் பராமரிப்பிலேயே இருந்துவிட நேர்கிறது என்பதை இந்நிகழ்ச்சி எல்லோருக்கும் உணர்த்தியது.

ஆயினும் பணி நிற்கவில்லை. 2024 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 24.04 பதிப்பிலும், 2025 ஆகஸ்டு 9-ந் தேதி வெளிவந்த டெபியன் 13-ம் பதிப்பிலும், 32 பிட் ஆர்ம் யந்திரங்களின் நேரம் 64 பிட் ஆயிற்று. லாங்கசெக் 2025 ஜனவரி முதல் தேதி காலமானார். அவர் முன்னின்ற பணி டெபியனில் நிறைவெய்தி வெளிவந்ததைக் காண அவர் இல்லை.

டெபியனில் ஐ386 வகை மட்டும் வேண்டுமென்றே மாற்றப்படாமல் விடப்பட்டது. மூலம் கிடைக்காத பழைய 32 பிட் நிரல்களை ஓட்டுவதற்காகவே அவ்வகை இன்று நிலவுகிறது. அதனை மாற்றினால் அதனால் உள்ள ஒரே பயனும் போய்விடும். இதிலிருந்து பெறப்படும் பாடம் எளியது. மூலம் திறந்திருந்த நிரல்களைத் திருத்த முடிந்தது. மூலம் மூடியிருந்த நிரல்களைத் திருத்த எவராலும் இயலவில்லை.

இன்னும் எஞ்சியவை

இயங்குதளம் திருத்தமுற்றாலும், அதில் சேமித்த தகவல்களின் அமைப்பு பழையதாகவே இருக்கக்கூடும். மைஎஸ்கியூஎல் என்னும் தகவல் தளத்தில் டைம்ஸ்டாம்ப் வகைப் பத்தி 2038 ஜனவரி 19 வரையிலான தேதிகளையே ஏற்கும். டேட்டைம் வகைப் பத்தியோ 9999-ம் ஆண்டு வரை ஏற்கும். கோப்புகளைத் தட்டில் அடுக்கி வைக்கும் முறைகளிலும் இத்தகைய வேற்றுமை உண்டு. எக்ஸ்எஃப்எஸ் என்னும் முறை, 2020 டிசம்பரில் வந்த லினக்ஸ் 5.10 பதிப்பிலிருந்து, புதிய ஏற்பாட்டின்கீழ் 2486-ம் ஆண்டு வரை தேதிகளைக் குறிக்க வல்லதாயிற்று. முன்னரே அமைக்கப்பட்ட தட்டுகளை இதற்கென மாற்றியமைக்க வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது களத்தில் உள்ள கருவிகள். அலுவலக மேஜையிலுள்ள கணிப்பொறி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது. அணைக்கட்டிலும் மலை உச்சியிலும் வாய்க்கால் மதகிலும் பொருத்தப்பட்ட கருவியைப் பழுதாகும் வரை எவரும் தொடுவதில்லை. பதினைந்து ஆண்டுகள் உழைக்கும் என்று நம்பி இன்று நிறுவப்படும் கருவி 2038-ஐ நிச்சயம் காணும். அதனுள் இருப்பது 2020-க்கு முற்பட்ட 32 பிட் லினக்ஸ் ஆயின், சமூகங்கள் செய்த திருத்தம் அதனை எட்டியிராது. அந்நாள் வரும்போது கருவி நின்றுவிட்டால் நல்லது. பழுது உடனே தெரிந்துவிடும். நிற்காமல் தொடர்ந்து அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் 1901-ம் ஆண்டுத் தேதியிட்டு அனுப்பிக்கொண்டிருந்தால்தான் தீங்கு அதிகம். அடுத்தடுத்த இரு குறிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் எதிர்எண்ணாகும். மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் மழை, விநாடிக்கு இத்தனை கனமீட்டர் நீர் என்னும் கணக்குகள் யாவும் பிழைபடும். வெள்ள எச்சரிக்கை அக்கணக்குகளையே நம்பியிருக்கிறது.

இந்தியாவுடன் உள்ள தொடர்பு

இப்பணி வெகுதூரத்தில் எவரோ செய்யும் பணி அன்று. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கேரள மாநிலப் பள்ளிகளில் வழங்கும் கைட் நிறுவனத்தின் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. மத்திய அரசாங்கம் 2015-ம் ஆண்டில் திறந்த மூல மென்பொருளை மேற்கொள்வது பற்றிய கொள்கையை வெளியிட்டது. மேல்மடையில் செய்த திருத்தம் வாய்க்கால் வழியே கடைமடைக்கு வந்து சேர்வது போல, டெபியனில் செய்த திருத்தம் அதன் வழிவந்த இயங்குதளங்களுக்குப் புதிய பதிப்புகள் மூலம் வந்து சேரும். ஆனால் கடைமடையில் மதகைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதாவது, பதிப்புகளை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

தம் பொறுப்பிலுள்ள கருவிகளின் பட்டியல் ஒன்றைக் களப்பணியாளர் தயாரிக்கலாம். கருவியின் பெயர், நிறுவிய ஆண்டு, யந்திரம் 32 பிட்டா 64 பிட்டா என்பது, இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும், கடைசியாகப் புதுப்பித்த தேதி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். விவரம் தெரியாத இனங்களில், தெரியாது என்று எழுதுவதும் பயனுடையதே. விசாரிக்க வேண்டிய கருவிகள் எவை என்பது அதனால் தெளிவாகும்.

புதிய கருவி வாங்குகையில் மூன்று கேள்விகளுக்கு எழுத்து மூலமாக விடை பெறுதல் நலம். கருவி 2038 ஜனவரி 19-க்குப் பின்னும் நேரத்தைச் சரியாகக் குறிக்குமா? எத்தனை ஆண்டுகளுக்குப் புதிய பதிப்புகள் வழங்கப்படும்? வழங்குவோர் தொழிலை நிறுத்திவிட்டால், மூல நிரலைப் பெற்று வேறொருவர் திருத்த வழி உண்டா?

தேதியை முன்தள்ளி வைத்துக் கருவியைச் சோதிப்பது எளிய முறையாகும். ஆனால் பணியிலிருக்கும் கருவியில் இதனை ஒருபோதும் செய்தல் ஆகாது. சேமித்த குறிப்புகள் கெடக்கூடும். மற்றக் கருவிகளுடன் உள்ள தொடர்பும் அறுபடக்கூடும். உபரியாக உள்ள கருவியை இணைப்பிலிருந்து பிரித்து, 2038 ஜனவரி 18-ந் தேதிக்கு வைத்து, இரண்டு நாட்கள் ஓடவிட்டு, அதன் குறிப்புகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்க்கு இப்பொருள் இரட்டை எண்கள், எதிர்எண்கள், நாட்காட்டிக் கணக்கு ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்பிக்க நல்ல வாய்ப்பாகும். எட்டு மாணவர்களை வரிசையாக நிறுத்தி, கையை உயர்த்தினால் 1, தாழ்த்தினால் 0 என வைத்து, 127-லிருந்து மேலும் ஒன்றைக் கூட்டச் செய்தால், ஏழு கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து முதல் மாணவனின் கை மட்டும் உயர்வதை வகுப்பு முழுதும் காணும். இக்குறையைச் சில ஆயிரம் பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் திருத்தும் வழக்கத்தினாலேயே பெருமளவு நீக்கியுள்ளனர் என்பதையும் மாணவர்க்கு எடுத்துச் சொல்லலாம்.

இன்று பத்து வயதுள்ள மாணவர்கள் 2038-ல் பணியில் சேரும் பருவத்தில் இருப்பார்கள். அன்று அவர்கள் கையில் வந்து சேரும் மழைக் கணக்கும் ஆற்றுக் கணக்கும் பிழையற்றவையாக இருப்பது, அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு கருவியின் உள்ளும் எவரேனும் ஒருவர் பார்த்து உறுதி செய்வதைப் பொறுத்தே இருக்கிறது.